தென்னாப்பிரிக்கக் கொடியின் ஆறு நிறங்களுக்கு என்ன பொருள்?

தென்னாப்பிரிக்கக் கொடியைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் பதிலாக வரும். சிவப்பு என்றால் விடுதலைக்காகச் சிந்திய ரத்தம். நீலம் என்றால் வானமும் கடலும். பச்சை விளைநிலம். மஞ்சள் தங்கச் சுரங்கம். கறுப்பு அங்குள்ள கறுப்பின மக்கள். வெள்ளை என்பது வெள்ளையர் என்று சிலரும், சமாதானம் என்று வேறு சிலரும் சொல்வார்கள். பொது அறிவுக் குறிப்பேடுகளிலும் வாட்ஸப் செய்திகளிலும் இந்தப் பட்டியல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதை மனப்பாடம் செய்து எழுதும் பிள்ளைகளும் உண்டு.

அந்த நாட்டுச் சட்டத்தில் இப்படி ஒரு பட்டியல் இல்லை. அரசமைப்புச் சட்டம் கொடியின் நிறங்களைச் சொல்கிறது, அளவுகளைச் சொல்கிறது, கோடு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்றுகூடச் சொல்கிறது. எந்த நிறத்துக்கும் பொருள் சொல்லவில்லை. அரசு தரும் விளக்கமும் அப்படித்தான்: ஒரு நிறம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்றாகத் தோன்றும், ஆகவே எல்லாருக்கும் பொதுவான பொருள் என்று எதையும் அதற்குக் கற்பிக்க வேண்டாம் என்கிறது.

கொடிக்குப் பொருள் எழுதாமல் விட்டது மறதியால் நடந்ததில்லை. வேண்டுமென்றே விட்டார்கள். ஏன் என்று புரிந்துகொண்டால், ஒரு நாட்டுக் கொடிக்குப் பொருள் எப்படி உண்டாகிறது என்பதும் சேர்ந்தே புரியும்.

கொடிக்குப் பொருள் வரும் மூன்று வழிகள்

சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்கு எரிந்தால் நிற்கிறோம். நிற்க வைக்கும் குணம் சிவப்பு நிறத்துக்குள் இல்லை. யாரோ விதி எழுதினார்கள், நாம் அதை ஏற்றுக்கொண்டோம். இப்படி ஒருவர் சொல்லி வைத்ததால் வரும் பொருளை அறிவித்த பொருள் என்போம். பல நாட்டுக் கொடிகள் இந்த வகையில் அடங்கும். 1957 மார்ச் 6 அன்று விடுதலை பெற்ற கானாவின் கொடி நல்ல உதாரணம். தியோடோசியா ஓக்கோ என்ற பெண்மணி வடிவமைத்தது. சிவப்பு விடுதலைக்காக உயிர் கொடுத்தவர்களுக்கு, பொன்நிறம் கனிம வளத்துக்கு, பச்சை காடுகளுக்கு, நடுவில் உள்ள கறுப்பு நட்சத்திரம் ஆப்பிரிக்க விடுதலைக்கு என்று பொருளோடு சேர்த்தே கொடியைக் கொடுத்தார்கள்.

இரண்டாவது வழி, பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது போன்றது. அந்தப் பெயருக்கு அகராதியில் என்ன பொருள் என்று வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. யாருடைய பெயர் என்பதுதான் முக்கியம். கொடியின் நிறங்களும் இப்படி முந்தைய கொடிகளிலிருந்து இறங்கி வருவதுண்டு. இதை வழிவந்த பொருள் என்போம்.

மூன்றாவது வழியை நாம் அதிகம் கவனிப்பதில்லை. வீட்டில் ஒரு மர நாற்காலி. தச்சர் செய்தபோது அது வெறும் நாற்காலி. தாத்தா முப்பது வருடம் அதில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். இப்போது அவர் இல்லை, ஆனாலும் அது தாத்தாவின் நாற்காலி. அப்படி யாரும் அறிவிக்கவில்லை. புழங்கிப் புழங்கி ஏறிய பொருள் அது. இதைப் பழகிவந்த பொருள் என்போம்.

சுருக்கமாகச் சொன்னால், கொடியின் பொருளை ஒரு அரசு அறிவிக்கலாம், அது பழைய கொடிகளின் வழியாக வரலாம், அல்லது மக்கள் புழங்குவதால் ஏறலாம். தென்னாப்பிரிக்கக் கொடியில் முதல் வகை கிட்டத்தட்ட இல்லை. மற்ற இரண்டும் நிறையவே உண்டு. சுற்றிவரும் பட்டியல் செய்யும் பிழை, இல்லாத முதல் வகையை இருப்பதாகக் காட்டுவதுதான்.

கல்யாணப் பத்திரிகை போல ஒரு கொடி

இன்றைய கொடி வந்தது 1994-இல். அப்போது ஏன் பொருள் எழுதாமல் விட்டார்கள் என்பதற்குப் பதில், அதற்கு முந்தைய கொடி வந்த 1928-இல் இருக்கிறது.

கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது வீட்டில் நடப்பது எல்லாருக்கும் தெரியும். யார் பெயர் முதலில் வரவேண்டும், யார் பெயர் பெரிய எழுத்தில் வரவேண்டும், பெரியப்பா பெயருக்குக் கீழே சித்தப்பா பெயர் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று பேச்சு வளரும். தாள் என்னவோ ஒன்றுதான். ஆனால் அதில் கிடைக்கும் இடம்தான் மரியாதை. பெயர் விட்டுப்போனவர் கல்யாணத்துக்கே வரமாட்டார்.

தென்னாப்பிரிக்கா 1910-இல் ஒரே நாடாகச் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் 1899 முதல் 1902 வரை அந்த மண்ணில் பெரிய போர் நடந்திருந்தது. ஒரு பக்கம் பிரிட்டிஷ் பேரரசு. மறுபக்கம் டச்சு வழிவந்த வெள்ளையரின் இரண்டு குடியரசுகள், டிரான்ஸ்வாலும் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்டும். இந்த டச்சு வழியினரை ஆப்பிரிக்கானர் என்பார்கள். போரில் பிரிட்டன் வென்றது. அந்த இரண்டு நிலங்களோடு கேப், நேட்டால் என்ற பிரிட்டிஷ் பகுதிகளையும் சேர்த்துத்தான் 1910-இல் நாடு உருவானது. தோற்றவர்களுக்குத் தங்களைத் தோற்கடித்தவர்களின் கொடியே தங்கள் நாட்டுக் கொடியாகப் பறப்பதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை.

1920களின் நடுவில் ஹெர்ட்சாக் பிரதமராக இருந்தபோது, உள்துறை அமைச்சர் டி. எஃப். மலான் புதிய கொடிக்கான மசோதாவைக் கொண்டுவந்தார். யூனியன் ஜாக் எனப்படும் பிரிட்டிஷ் கொடிக்கு அதில் இடம் உண்டா இல்லையா என்பதே சண்டை. ஆங்கிலம் பேசும் வெள்ளையர் கொதித்தார்கள். நேட்டாலில் பிரிந்து போவோம் என்ற பேச்சே எழுந்தது. கடைசியில் 1927-இல் ஒரு சமரசம் செய்து, 1928 மே 31 அன்று கொடியை ஏற்றினார்கள்.

அந்தக் கொடியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆரஞ்சு, வெள்ளை, நீலம் என மூன்று கிடைப்பட்டைகள். இவை பழைய டச்சுக் கொடியின் நிறங்கள். நடுவில் வெள்ளைப் பட்டையில் மூன்று குட்டிக் கொடிகள் வரிசையாக இருக்கும். கொடிமரத்தை ஒட்டி யூனியன் ஜாக், நடுவில் செங்குத்தாகத் தொங்கும் ஃப்ரீ ஸ்டேட் கொடி, அதற்கு அப்பால் டிரான்ஸ்வால் கொடி. அந்த ஃப்ரீ ஸ்டேட் கொடியின் மூலையிலும் ஒரு குட்டி டச்சுக் கொடி உண்டு. கொடிக்குள் கொடி, அதற்குள் இன்னொரு கொடி. யூனியன் ஜாக்கைக் கொடிமரத்துக்கு மிக அருகில் வைத்ததால் அதுவே முதலிடம் பெற்றதாகிவிடக் கூடாது என்று, அதைத் திருப்பிக் கொடிமரத்தை நோக்கிப் பறப்பதுபோல் அமைத்தார்கள். இவ்வளவு செய்தும் ஆங்கிலேயர் தரப்பு முழுக்கச் சமாதானம் ஆகவில்லை. 1957 வரை யூனியன் ஜாக்கும் பக்கத்திலேயே தனியாகப் பறந்தது.

இத்தனை நுணுக்கமாக இடம் பங்கிட்ட அந்தப் பத்திரிகையில் ஒரு பெயர் மட்டும் இல்லை. நாட்டின் பெரும்பான்மையான கறுப்பின மக்களைக் குறிக்க அந்தக் கொடியில் ஒரு நூல் கூடக் கிடையாது. அவர்களைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று யாரும் சண்டை போடவும் இல்லை. இரண்டு வெள்ளையர் குடும்பங்களுக்கு இடையில் நடந்த பத்திரிகைச் சண்டையாகவே அது முடிந்தது. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் வலிப்பது இதுதான்.

ஆறு வாரத்தில் ஒரு கொடி

1948-இல் அதே மலான் பிரதமரானார். நிறத்தைக் கொண்டு மனிதரைப் பிரித்து வைக்கும் அபார்த்தெய்ட் என்ற ஆட்சிமுறை சட்டமாகத் தொடங்கியது அப்போதிலிருந்துதான். அது நீடித்த காலம் முழுவதும் அரசுக் கட்டடங்களிலும் காவல் நிலையங்களிலும் பறந்தது 1928 கொடி.

1990 பிப்ரவரி 11 அன்று நெல்சன் மண்டேலா 27 ஆண்டுச் சிறைவாசத்துக்குப் பிறகு வெளியே வந்தார். பேச்சுவார்த்தைகள் தொடங்கின. எல்லாரும் வாக்களிக்கும் முதல் தேர்தல் நெருங்கியது. எந்தக் கொடியின் கீழ் அந்தத் தேர்தல்? இந்தக் கேள்வி ஏற்கெனவே ஒருமுறை முன்னே வந்து நின்றிருந்தது. 1992-இல் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு பார்சிலோனா ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்கர்கள் கலந்துகொண்டபோது, பழைய கொடியை ஏந்தாமல் அந்தப் போட்டிக்கென்றே செய்த ஒரு வெள்ளைக் கொடியின் கீழ் நடந்தார்கள்.

1993-இல் பொதுமக்களிடம் வடிவங்கள் கேட்டார்கள். 7,000-க்கும் மேல் வந்து குவிந்தன. அதிலிருந்து ஆறைத் தேர்ந்து முன்வைத்தபோது ஒன்றுக்கும் பெரிய வரவேற்பு இல்லை. தொழில்முறை வடிவமைப்பாளர்களிடம் கேட்டும் முடிவு வரவில்லை. 1994 பிப்ரவரியில் இரு தரப்பின் தலைமைப் பேச்சாளர்களிடமே பொறுப்பை ஒப்படைத்தார்கள்: விடுதலைக்காகப் போராடிய மண்டேலாவின் கட்சியான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் சிரில் ராமபோசா, அரசுத் தரப்பின் ரூல்ஃப் மேயர்.

அப்போதுதான் ஃபிரெடரிக் பிரவுனெல் கைக்கொடுத்தார். அவர் நாட்டின் அரசு இலச்சினை அதிகாரி. அதாவது கொடிகளும் முத்திரைச் சின்னங்களும் முறைப்படி இருக்கின்றனவா என்று பார்த்துப் பதிவு செய்யும் அலுவலர். 1993 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகரில் கொடிகள் பற்றிய உலகக் கருத்தரங்கு நடந்தபோது, கையில் இருந்த தாளில் அவர் கிறுக்கி வைத்த ஒரு வடிவம்தான் இன்றைய கொடியின் கரு.

மண்டேலாவின் ஒப்புதல் வாங்கிய கதையை அந்தப் பேச்சுவார்த்தையில் இருந்தவர்கள் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். அவர் அப்போது ரஸ்டன்பர்க்கில் இருந்தார். படத்தை ஃபேக்ஸில் அனுப்பினார்கள். அந்தக் காலத்து ஃபேக்ஸில் நிறம் ஏது? ஆறு நிறக் கொடி கறுப்பு வெள்ளையில் போய் இறங்கியது. யாரோ ஓடிப்போய்க் கடையில் நிறப் பென்சில் வாங்கி வந்து தீட்டிக் காட்டினார்களாம்.

மார்ச் 15 அன்று இடைக்கால நிர்வாகக் குழு ஏற்றுக்கொண்டது. ஏப்ரல் 20 அன்று அறிவிப்பு வந்தது. ஏப்ரல் 27 அன்று, தேர்தல் நாளில், கொடி பறந்தது. குழு ஏற்றதிலிருந்து ஏற்றிய நாள் வரை ஆறு வாரம்தான். தற்காலிகக் கொடி என்றுதான் வைத்தார்கள். மக்களுக்குப் பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம் இருந்தது. பிடித்துப்போனது. 1996 அரசமைப்புச் சட்டத்தில் நிரந்தரமாக இடம்பெற்றது.

இதுவரை பார்த்ததைத் தொகுத்துக்கொள்வோம். 1928 கொடி, யாருக்கு எந்த இடம் என்று வெளிப்படையாக எழுதிய கொடி. அதனால் சேர்க்கப்பட்டவர்களுக்கும் மனக்குறை, விடுபட்டவர்களுக்கு அவமானம். 1994-இல் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த அனுபவம் கண்முன் இருந்தது. "கறுப்பு இவர்களுக்கு, வெள்ளை அவர்களுக்கு" என்று ஒரு வரி எழுதினாலும் பத்திரிகைச் சண்டை மறுபடி தொடங்கியிருக்கும்.

கொடியை அருகில் வைத்துப் பார்ப்போம்

இனி கொடிக்கே வருவோம். கொடிமரத்தை ஒட்டியிருக்கும் ஓரத்தைக் கம்ப ஓரம் என்றும், காற்றில் அடித்துக்கொண்டிருக்கும் எதிர் ஓரத்தைப் பறக்கும் ஓரம் என்றும் வைத்துக்கொள்வோம். இந்த இரண்டு சொற்கள் போதும்.

கம்ப ஓரத்தில் ஒரு கறுப்பு முக்கோணம். மேலே சிவப்புப் பட்டை, கீழே நீலப் பட்டை. இவற்றுக்கு நடுவில் பச்சை நிறத்தில், படுக்க வைத்த உண்டிவில் கட்டை போல ஒரு வடிவம். அதன் இரண்டு கைகளும் கம்ப ஓரத்தின் மேல் மூலையிலும் கீழ் மூலையிலும் தொடங்கி, கொடியின் நடுவில் ஒன்றாகி, ஒற்றைப் பட்டையாகப் பறக்கும் ஓரம் வரை போகும். மரக்கிளை இரண்டாகப் பிரியும் இடத்தைக் கவை என்கிறோமே, அதே வடிவம். ஐரோப்பிய இலச்சினைக் கலையில் இதற்குத் தனிப்பெயரே உண்டு. கிறித்தவப் பேராயர்கள் தோளில் அணியும் பட்டையின் வடிவத்திலிருந்து வந்தது அது.

பச்சைக் கவையின் ஓரங்களைப் பாருங்கள். சிவப்பையும் நீலத்தையும் தொட வேண்டிய இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. கறுப்பு முக்கோணத்தைத் தொட வேண்டிய இடத்தில் மெல்லிய பொன்நிறக் கோடு. புடவையின் உடலுக்கும் கரைக்கும் நடுவில் ஓடும் ஜரிகைக் கோடு போல. இந்தக் கோட்டைக் கரைக்கோடு என்று சொல்லலாம்.

ஜரிகைக் கோடு ஏன் வைக்கிறார்கள்? கரும்பச்சை உடலில் கருஞ்சிவப்புக் கரை நேராக ஒட்டினால் தூரத்திலிருந்து பார்க்கும்போது இரண்டும் கலந்து மங்கிவிடும். நடுவில் ஒரு பளிச்சென்ற கோடு ஓடினால் இரண்டும் தனித்தனியே எடுப்பாகத் தெரியும். கேடயங்களில் சின்னம் தீட்டிய இடைக்கால ஐரோப்பியர் இதையே ஒரு விதியாக வைத்திருந்தார்கள். சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு போன்றவற்றை நிறங்கள் என்றும், மஞ்சளையும் வெள்ளையையும் பொன், வெள்ளி என்ற உலோகங்கள் என்றும் பிரித்தார்கள். நிறத்தின் மேல் நிறத்தை வைக்காதே, இடையில் உலோகம் வரட்டும் என்பது விதி. போர்க்களத்தில் தூரத்தில் வருபவன் யார் என்று தெரிய வேண்டுமே!

பிரவுனெல் இந்தக் கலையில் ஊறியவர். அவருடைய கொடியில் சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்ற நான்கில் எந்த இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. நடுவில் வெள்ளையோ பொன்னோ வந்துவிடுகிறது. ஆக, "வெள்ளை எதைக் குறிக்கிறது" என்று கேட்கும்போது, அது முதலில் பச்சையைச் சிவப்பிலிருந்தும் நீலத்திலிருந்தும் பிரித்துக் காட்டும் வேலையைச் செய்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொரு நுட்பம், சிவப்பு. அரசமைப்புச் சட்டம் அதை வெறும் சிவப்பு என்று சொல்வதில்லை; மிளகாய்ச் சிவப்பு என்கிறது. நன்றாகக் காய்ந்த வற்றல் மிளகாயை வெயிலில் பிடித்துப் பாருங்கள், சிவப்புக்குள் கொஞ்சம் ஆரஞ்சு தெரியும். பிரிட்டிஷ் கொடியில் இருப்பது சிவப்பு, 1928 கொடியில் இருந்தது ஆரஞ்சு. இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு நிறத்தை எடுத்ததால் எந்தப் பக்கத்துச் சாயல் என்ற வாதத்துக்கு இடமில்லாமல் போனது.

நிறங்கள் எந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்?

அறிவித்த பொருள் இல்லை என்றால் நிறங்கள் எங்கிருந்து வந்தன? இங்கேதான் வழிவந்த பொருளைப் பார்க்க வேண்டும்.

சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் பிரிட்டிஷ் கொடியிலும் உண்டு, டச்சுக் கொடியிலும் உண்டு, டிரான்ஸ்வால் கொடியிலும் உண்டு. கறுப்பு, பச்சை, பொன் மூன்றும் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் கொடியில் 1920களிலிருந்தே உள்ளவை. அந்தக் கட்சி தன் கொடிக்குப் பொருள் சொல்கிறது: கறுப்பு மக்கள், பச்சை நிலம், பொன் மண்ணுக்கடியில் உள்ள செல்வம். சுற்றிவரும் பட்டியலின் பாதி இங்கிருந்துதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். கட்சிக் கொடியின் பொருளை நாட்டுக் கொடியில் ஒட்டிவிட்டார்கள்.

அப்படியானால் நாட்டுக் கொடி என்பது கட்சிக் கொடியில் பாதி, வெள்ளையர் கொடியில் பாதியா? அவ்வளவு எளிதாக வெட்டிப் பிரிக்க முடியாது. கறுப்பும் பச்சையும் பொன்னும் அந்த ஒரு கட்சிக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. பான் ஆப்பிரிக்கன் காங்கிரஸ் என்ற இன்னொரு விடுதலை அமைப்பின் கொடியிலும் அதே மூன்றும் இருக்கின்றன. பச்சையைப் பாருங்கள்: டிரான்ஸ்வால் குடியரசின் கொடியில் சிவப்பு, வெள்ளை, நீலப் பட்டைகளோடு கம்ப ஓரத்தில் ஒரு பச்சைப் பட்டையும் செங்குத்தாக நின்றது. ஆப்பிரிக்கானர் தாத்தாவும் "எங்கள் பச்சை" என்று சொல்லலாம், சிறையிலிருந்து வந்த போராளியும் "எங்கள் பச்சை" என்று சொல்லலாம். இரண்டு குடும்பங்களுக்கும் சொந்தமான அந்த நிறம்தான் கொடியின் நடுவில் ஓடும் கவைக்குக் கிடைத்திருக்கிறது. எனக்கு இந்தக் கொடியில் மிகவும் பிடித்த இடம் இது.

அரசு சொல்லும் ஒரே விளக்கம்

நிறத்துக்குப் பொருள் சொல்லாத அரசு, வடிவத்துக்கு மட்டும் ஒரு விளக்கம் தருகிறது. கம்ப ஓரத்தில் இரண்டாகத் தொடங்கும் கவை ஒன்றாகச் சேர்ந்து முன்னே போவதை, சமூகத்தின் வெவ்வேறு கூறுகள் கூடி ஒரே பாதையில் நடப்பதாகக் கொள்ளலாம் என்கிறது. அதிலும் "கொள்ளலாம்" என்ற அளவில்தான் சொல்கிறது. எந்தக் கை யாருடையது என்று சொல்லவில்லை. இரண்டு கைகளும் ஒரே பச்சை, ஒரே அகலம்.

நாட்டுப்பாடலில் இதற்கு நேர்மாறான வழியை எடுத்தார்கள். 1994-இல் இரண்டு பாடல்கள் நாட்டுப்பாடல்களாக இருந்தன: விடுதலைப் போராட்டத்தில் பாடிய ஒன்று, பழைய அரசின் ஒன்று. 1997-இல் இரண்டிலிருந்தும் பகுதிகளை எடுத்து, ஐந்து மொழிகளில் ஒரே பாடலாகத் தைத்தார்கள். அங்கே எந்த வரி எங்கிருந்து வந்தது என்று கேட்டதுமே தெரியும். கொடியில் அந்தத் தையல் தெரியாது.

பழைய கொடி இன்று என்ன சொல்கிறது?

பழகிவந்த பொருள் எவ்வளவு வலியது என்பதற்கு 1928 கொடியே சாட்சி. அதை உருவாக்கிய 1927 சட்டத்தில் அபார்த்தெய்ட் என்ற சொல் இல்லை. அந்தச் சொல் ஆட்சிமுறையாவதற்கு இன்னும் 21 ஆண்டுகள் இருந்தன. ஆனால் 1948 முதல் 1994 வரை அந்தக் கொடியின் நிழலில் நடந்தவை அதன்மேல் ஏறிவிட்டன. 2015-இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் 9 கறுப்பினத்தவரைச் சுட்டுக் கொன்ற இளைஞன், அந்தக் கொடியைத் தைத்த சட்டையோடு படம் எடுத்துக்கொண்டிருந்தான். தென்னாப்பிரிக்காவுக்கும் அவனுக்கும் வேறு தொடர்பில்லை. எந்தப் பொருளுக்காக அதை அணிந்தான் என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தென்னாப்பிரிக்காவிலும் சில போராட்டங்களில் பழைய கொடி தலைகாட்டியது. நெல்சன் மண்டேலா அறக்கட்டளை வழக்குத் தொடுத்தது. தகுந்த காரணம் ஏதுமின்றி அந்தக் கொடியைக் காட்சிக்கு வைப்பது வெறுப்புப் பேச்சு என்று 2019 ஆகஸ்டில் சமத்துவ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆய்வுக்கும் கலைக்கும் செய்திக்கும் பயன்படுத்தத் தடையில்லை. துணியில் எழுதப்படாத பொருளை நீதிமன்றம் படித்துக் காட்டியது என்றே சொல்ல வேண்டும்.

புதிய கொடிக்கும் இதே வழியில்தான் பொருள் ஏறியது. 1995 ஜூன் 24 அன்று ஜோஹன்னஸ்பர்கின் எல்லிஸ் பார்க் மைதானத்தில் ரக்பி உலகக் கோப்பை இறுதிப் போட்டி. வெள்ளையரின் விளையாட்டு என்று பெயர்பெற்ற ரக்பிக்கு வந்த பெருங்கூட்டம், ஓராண்டே ஆன புதிய கொடியை அசைத்தது. மண்டேலா அணித் தலைவரின் 6ஆம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். நியூசிலாந்தை 15-12 என வென்றார்கள். அன்று அரங்கில் இருந்த ஒருவரிடம் நீலம் எதைக் குறிக்கிறது என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? அவருக்கு அந்தக் கொடி முழுவதும் அந்தப் பிற்பகலாகவே இருந்திருக்கும்.

இன்னும் இரண்டு தவறான செய்திகள்

ஆறு நிறம் கொண்ட ஒரே நாட்டுக் கொடி இதுதான் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். 2011-இல் விடுதலை பெற்ற தெற்கு சூடானின் கொடியிலும் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என ஆறு நிறங்கள் உண்டு. அந்த வாக்கியத்தை இனி எழுதக் கூடாது.

வானவில் தேசம் என்பதால் வானவில் நிறங்களை வைத்தார்கள் என்பது மற்றொன்று. வானவில் தேசம் என்ற பெயர் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு சொல்லிப் பரவியது, அழகான சொல். ஆனால் வானவில்லில் கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. கொடியின் நிறங்கள் வந்த வழியை மேலே பார்த்துவிட்டோம்.

அதே சட்டத்தில் தமிழும்

கொடியை விவரிக்கும் அதே அரசமைப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் தமிழின் பெயரும் இருக்கிறது. நாட்டில் மக்கள் பேசும் மொழிகளை மதித்து வளர்க்க வேண்டும் என்று சொல்லி, ஜெர்மன், கிரேக்கம், குஜராத்தி, இந்தி, போர்த்துகீசியம், தமிழ், தெலுங்கு, உருது என்று அவற்றைப் பெயர் சொல்லியே அடுக்குகிறது. 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பலில் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் டர்பனில் வாழ்கிறார்கள். மொழிப் பிரிவில் அவர்களுக்குப் பெயரோடு இடம் உண்டு. கொடியில் அவர்களுக்கென்று தனி நிறம் இல்லை, வேறு யாருக்கும் இல்லை என்பது போலவே.

வரைந்து பார்க்க

இந்தக் கொடியை வரையும் பிள்ளைகள் அதிகம் தவறுவது கவையின் மூலையில்தான். கட்டம் போட்ட தாளில் 30 கட்டம் உயரம், 45 கட்டம் நீளம் எடுத்துக்கொள்ளுங்கள். வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக 10 கட்டம் சிவப்பு, 2 வெள்ளை, 6 பச்சை, 2 வெள்ளை, 10 நீலம் என்று குறியுங்கள். இந்தப் பட்டைகளை இடதுபுறமாக நடுப்பகுதி வரை இழுங்கள்.

இப்போது இடது ஓரத்தின் மேல் மூலையிலிருந்தும் கீழ் மூலையிலிருந்தும் கொடியின் நட்டநடுப் புள்ளிக்குப் பென்சிலால் மெல்லிய கோடு போடுங்கள். பச்சைக் கையின் ஓரம் மூலையில் தொடங்கக் கூடாது. பச்சைக் கையின் நடுக்கோடுதான் மூலையில் தொடங்க வேண்டும். ஆகவே கோட்டுக்கு இருபுறமும் 3 கட்ட அகலம் பச்சை வரும், மூலையில் கொஞ்சம் தாளுக்கு வெளியே போய்விடும். அது சரிதான். பச்சைக்கு வெளிப்புறம் 2 கட்ட அகலத்தில் வெள்ளை, உட்புறம் அதே அகலத்தில் பொன்நிறம் தீட்டி, மிச்சமிருக்கும் முக்கோணத்தைக் கறுப்பாக்குங்கள்.

சுவரில் மாட்டும்போது சிவப்பு மேலே, கறுப்பு முக்கோணம் பார்ப்பவரின் இடப்பக்கம். நீளவாக்கில் தொங்கவிட்டால் முக்கோணம் மேலே, சிவப்பு பார்ப்பவரின் இடப்பக்கம். இதற்குத் தாளை அப்படியே சுழற்றினால் சிவப்பு வலப்பக்கம் போய்விடும். கொடியைப் பின்புறமாகத் திருப்பித்தான் மாட்ட வேண்டும். ஆகவே தாளின் மறுபக்கத்திலும் வரைந்துவிடுங்கள்.